சிவரூபன் காரின் சத்தத்தைக் குறைத்த கதை

சிவரூபனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய காதிலிருந்துதான் தொடங்கவேண்டும். சீனன்குடா மாவாலையில் முப்பது வருடத்துக்குக் கிட்ட மெஷின் திருத்தினவர். கோதுமை அரைக்கிற உருளைகள் வரிசையாக நின்று ஊரே இடிந்து விழுகிற மாதிரி ஓடும். அதுக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "அந்தா, கடைசிக்கு முதல் ஒண்டு. பெயாரிங் போகப்போகுது" என்பார். ஆட்கள் சிரிப்பார்கள். அந்தக் கிழமையே அது போய்விடும். பிறகு ஆர் சிரிக்கிறது?

அவருக்குச் சத்தம் என்றால் நோய். நல்ல மெஷின் சத்தம் போடாது, சத்தம் போடுகிற மெஷினுக்கு எங்கேயோ நோகுது, அவ்வளவுதான் அவருடைய வேதம். வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டால் சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் பார்க்கிற மனுசன். மனைவி பிரியதர்சினி, கூப்பிடுகிறது தர்சினி, தலையில் அடித்துக்கொள்ளுவாள். "இஞ்சாருங்கோ, அது என்ன செத்தா போகப்போகுது? சாப்பிட்டிட்டுப் பாருங்கோவன்!" என்பாள். அந்தக் காலத்தில் அவள் அப்படியெல்லாம் கதைக்கிறவள்.

இப்படிப்பட்ட மனுசன் ஊரிலேயே பெரிய சத்தம் போடுகிற காரை வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. எம்.ஜி. மிட்ஜெட் என்று ஒரு பழைய வெள்ளைக்காரக் கார். இரண்டு பேர் இருக்கலாம், கூரை கிடையாது, நிலத்தோடு நிலமாக ஓடும். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத் துரையின் பங்களாவில் கறள் பிடித்துக் கிடந்ததை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, வருடக்கணக்காய்த் தட்டி, ஒட்டி, பச்சை நிறம் அடித்து ஓட வைத்தார். உவர்மலை றோட்டில் முதல் நாள் ஓடினபோது சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். மகன் நிருபன் வாசலில் நின்று, "அப்பா, இது காரோ, காலில போடுற சப்பாத்தோ?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஆறடி. அதுக்குள் ஏறினால் முழங்கால் நாடியில் முட்டும்.

இரண்டு வருடத்துக்கு முந்தின மார்கழி மழையில் நிருபனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. இருபத்துநாலு வயது. ஒரு வியாழக்கிழமை படுத்தவன், அடுத்த வியாழக்கிழமை வீட்டில் இல்லை. இதுக்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒருவரும் பிழை விடவில்லை, பிடித்துத் திட்டவும் ஆளில்லை. அப்படி ஒரு ஆள் கிடைத்திருந்தாலாவது அந்த இரண்டு பேருக்கும் கொஞ்சம் உயிர் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

செத்தவீட்டில் தர்சினி அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள், வருகிறவர்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். பெண்கள் குசினிப் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். "பெத்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே!" சிவரூபனின் அக்கா கனகம்மா அவளைத் தோளில் பிடித்து உலுக்கினா. "அழு பிள்ளை, வாய்விட்டு அழுதிடு. அடக்கினால் நெஞ்சைப் பிடிக்கும்!" தர்சினிக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் முடிந்ததும் அதே கனகம்மா அப்படியே மற்றப் பக்கம் திரும்பினா. "இனி அழக்கூடாது பிள்ளை. அவன்ர ஆத்துமா அலையும்." அழத் தொடங்குகிற நாளுக்கும் நிறுத்துகிற நாளுக்கும் ஊர் ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது. பாவம், அந்த மனுசிக்கு அது ஒத்துவரவில்லை.

சிவரூபனும் அழவில்லை. ஆம்பிளை என்றபடியால் அதை ஒருவரும் கதைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனார்கள். ஏழு கிணறும் ஏழு சூடு என்பது உங்களுக்குத் தெரியும். சிவரூபன் ஒவ்வொன்றாய் வாளியில் அள்ளி அள்ளி ஊற்றினார். பக்கத்தில் நின்றவர், "ஐயோ, கடைசிக் கிணறு சுடும், பார்த்து" என்றார். சிவரூபனுக்குச் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. கையை நெடுநேரம் தலைக்குக் கீழ் வைத்துப் படுத்து எழும்பினால் கை இருக்குமே, ஆனால் நம்முடையதாய் இராதே, அவருக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. அது பிறகும் மாறவில்லை.

வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தேத்தண்ணி வந்தது, சோறு வந்தது, கரண்ட் பில் வந்தது. முப்பத்தோராம் நாளுக்கு வந்த கனகம்மா திரும்பிப் போகவில்லை. ஒருவரும் வரச் சொல்லவில்லை, ஒருவரும் போகச் சொல்லவுமில்லை. நல்ல மனுசிதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்த வீட்டில் ஆரும் அழாமல் பார்த்துக்கொள்ளுவது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டா. தர்சினி அலுமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றால், செம்பில் தண்ணியோடு பின்னால் நிற்பா. குளியலறையில் கொஞ்சம் சுணங்கினால் கதவைத் தட்டுவா. "பிள்ளை, என்ன செய்யிறாய்? தண்ணி ஓடுற சத்தம் கேட்குது." நிருபனின் பெயரை அந்த வீட்டில் ஒருவரும் சொல்லுவதில்லை. சொன்னால் மற்றவருக்கு நோகும் என்று ஆளுக்காள் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் தர்சினி வேறு எதையும் சொல்லாமலும் விட்டாள். "சாப்பிடுங்கோ." "ஓம்." "லைட்டை நூருங்கோ." இவ்வளவுதான் புருசன் பெண்சாதிக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவரூபன் பற்றரி செத்துவிடும் என்று காரை ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் கத்தின சத்தத்துக்குத் தர்சினி வெளியே வந்தாள். தலையைச் சுற்றித் துவாயைக் கட்டினாள், கதவைத் திறந்தாள், ஏறி இருந்தாள். அவருக்கு அதிசயம். மகனுக்குச் சப்பாத்தாய்த் தெரிந்த அந்தக் காரில் அவள் அதுவரை இரண்டு தரம் ஏறியிருந்தாலே பெரிய காரியம்.

"எங்க போறது?" என்று கேட்டார்.

"நேர போங்கோ."

நேரே போனார்கள். சீனன்குடா கடந்து, தம்பலகாமச் சந்தி கடந்து, கந்தளாய் றோட்டு நேராய் விழுகிற இடம் வந்ததும் அவள், "இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ" என்றாள். மிதித்தார். கார் கூச்சல் போட்டது. தர்சினி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்குத் தெரிந்தது துவாயின் பின்பக்கம் மட்டும்தான். கந்தளாயில் ஒரு குழாயில் முகம் கழுவினாள், றோட்டுப் புழுதியல்லோ. திரும்பி வரும்போது, "தயிர்ச் சட்டி ஒண்டு வாங்குவமா?" என்று அவளாகவே கேட்டாள்.

தயிர்ச் சட்டி! அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சிவரூபன் ஒரு கிழமை சீவித்தார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே நேர்றோட்டு, அதே "இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ", திரும்பி வரும்போது தயிரைப் பற்றியோ மழையைப் பற்றியோ இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் மனுசன் மற்ற ஆறு நாளும் எழும்பினார். அவரால் உணரக்கூடியதாய் மிஞ்சியிருந்த ஒரே ஆசை அதுதான். அவள் தன்னோடு திரும்பக் கதைக்கவேண்டும். ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்றில்லை, முந்தி மாதிரி, அவள் தலையில் அடித்துக்கொண்டு ஏசுகிற மாதிரிக் கதைக்கவேண்டும்.

அப்போதுதான் அவருடைய காது வேலையைக் காட்டத் தொடங்கியது.

இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு நாலு கியர்தான். வளைவுக்கும் மேட்டுக்கும் பாய்ந்து ஓடச் செய்தவன், நீட்டு றோட்டை நினைக்கவில்லை. நாலாவதில் போட்டு ஐம்பத்தைந்து, அறுபது மைலைத் தொட்டால் எஞ்சின் நாலாயிரம் சுற்றுக்கு ஏறிவிடும். அதுக்கு மேல் இன்னொரு கியர் இருந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் ஆறுதலாய்ச் சுற்றும். இல்லை, ஆனபடியால் கத்துகிறது. பக்கத்தில் இருக்கிறவர் கதைப்பது காதில் விழாது, கூப்பிட்டால்கூட விழாது.

சிவரூபன் கணக்குப் போட்டுப் பார்த்தார். போகும்போது நேர்றோட்டில் சத்தம், அவள் கதைப்பதில்லை. வரும்போது மெதுவாய் வருகிறோம், இரண்டு வார்த்தை கதைக்கிறாள். அப்போ நோய் எங்கே? எஞ்சினில். சத்தத்தைக் குறைத்தால் கந்தளாய் போய் வர முழுக்கக் கதைப்பாள். இப்படி ஒரு கணக்கை அவரைத் தவிர வேறு ஆர் போடுவார்கள், சொல்லுங்கோ.

கிண்ணியாவில் ஜெமீலுக்கு உடைத்த வாகனச் சாமான் விற்கிற வளவு இருக்கிறது. வாய்க்காரன். சிவரூபன் விசயத்தைச் சொல்ல அவன் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தான்.

"என்னண்ணன் நீங்க! இந்தச் சாமான்ட அழகே சத்தம்தானே. சத்தம் வேணாமெண்டா ஒரு அல்ட்டோ கார் வாங்கி ஓடுங்களன்."

"எனக்கில்லையடா தம்பி. மனுசிக்கு."

"அவங்க சொன்னாங்களா சத்தம் ஏலாதெண்டு?"

"அவ ஒண்டும் சொல்லுறேல்லை. அதுதான் பிரச்சினை."

ஜெமீல் பிறகு பகிடி விடவில்லை. நிருபனை அவனுக்குத் தெரியும். உள்ளே போய், ஒரு பழைய டட்சன் சன்னிக் காரில் இருந்து கழற்றின ஐந்து கியர்ப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து போட்டான். "இது பொருந்தும். ஆனா லேசில பொருந்தாது" என்றான்.

உண்மைதான், லேசில் பொருந்தவில்லை. எஞ்சினின் வாயும் பெட்டியின் வாயும் ஒத்துவராது. நடுவில் போடத் தடித்த அலுமினியத் தகடொன்றை லேத்தில் கடைந்தெடுக்கவேண்டும். பின்சில்லுக்குப் போகிற தண்டை வெட்டிக் குட்டையாக்கவேண்டும். கியர் கம்பி பின்னுக்கு வரும், அதுக்குத் தளத்தை வெட்டவேண்டும். கார் மாதக்கணக்கில் கட்டையில் ஏறி நின்றது. சிவரூபன் விடிய அதுக்குள் புகுந்தால் பொழுதுபட வெளியே வருவார். கையில் வெட்டுப்பட்டு இரத்தம் ஓடினதைக் கனகம்மா சொல்லித்தான் பார்த்தார்.

தொடங்கும்போதே தர்சினியிடம் சொன்னார். "இனி ஹைவேயில எஞ்சின் கத்தாது. ஆறுதலாப் போகலாம்."

"ஏன்? சத்தம் இருந்தால் என்ன?" என்றாள் அவள்.

தனக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று சொல்லுகிறாள் என்று சிவரூபன் எடுத்துக்கொண்டார். நல்லாய் எடுத்துக்கொண்டார்!

கார் கட்டையில் நின்ற அந்த மாதங்களில் தர்சினி வாடிப்போனாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்புவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு கராஜ் வாசலில் வந்து நிற்பாள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குது என்று கனகம்மாவிடம் சொன்னாளாம். கனகம்மா வாய்வு என்று உள்ளி அவித்துக் குடுத்தா. ஒரு நாள் காருக்குக் கீழே கிடந்த சிவரூபனுக்குத் தர்சினியின் கால் இரண்டும் தெரிந்தது.

"எப்ப முடியும்?"

"இன்னும் கொஞ்ச நாள்."

"கெதியாச் செய்யுங்கோ. எனக்கு ஏலாமக் கிடக்கு."

இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. சிவரூபனுக்கு அது போதும். புதுக் கியர் வந்ததும் கதைக்க ஆசைப்படுகிறாள், பார்த்தியா, என்று நினைத்தார். அன்றிலிருந்து இன்னும் கெதியாய் வேலை செய்தார்.

முடிந்த கிழமை ஞாயிறு காலை இரண்டு பேரும் வெளிக்கிட்டார்கள். கனகம்மா வாசலில் நின்று, "தம்பி, மூண்டு பேர் இருக்கிற கார் ஒண்டில இந்தப் பாட்டைப் பட்டிருந்தால் நானும் வந்திருப்பன்" என்றா. ஊருக்குள் மெதுவாய்த்தான் போனார். சீனன்குடாவில் விமானப்படை வேலிக் கரையோடு போகும்போது இரண்டாவதும் மூன்றாவதும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. பெட்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. தம்பலகாமம் தாண்டி, இரு பக்கமும் வயல் விரிந்து, றோட்டு நேராய் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் மிதியுங்கோ," என்றாள் தர்சினி.

மிதித்தார். நாலாவதில் எஞ்சின் அதே பழைய கூச்சலைப் போட்டது. முள்ளு நாலாயிரத்தைத் தொட்டது. தர்சினி துவாயை வாயோடு இழுத்துப் பிடித்து முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்ப பார், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சிவரூபன் கிளச்சை அமத்தி, லீவரை ஐந்துக்குத் தள்ளினார்.

கூச்சல் விழுந்தது. முள்ளு இறங்கி நின்றது. வேகம் அப்படியே இருந்தது. காற்றுச் சத்தமும் ரயர்ச் சத்தமும்தான் மிச்சம்.

அதுக்குள்ளே இன்னொரு சத்தமும் இருந்தது. சிவரூபனுக்கு உடனே பிடிபட்டது. சீ, எங்கேயோ பிழை விட்டிட்டன், என்று காதைக் குடுத்துக் கேட்டார். பெயாரிங் போல் தெரியவில்லை. பெயாரிங் என்றால் சில்லோடு சேர்ந்து சுற்றும், இது சுற்றவில்லை. ஏறுது, இறங்குது, இடையில் அறுந்துபோய்த் திரும்பத் தொடங்குது. வெட்டிக் குட்டையாக்கின தண்டோ என்றால் அது பின்னுக்கு, இது இடப்பக்கம். இப்படி நோயைத் தேடிக்கொண்டு போன மனுசனுக்கு, அதில் சொல்லும் இருக்கிறது என்று கடைசியாய்த்தான் விளங்கியது.

"என்ர ராசா... என்ர நிருபன்... அம்மாவை விட்டிட்டு எங்கயப்பு போனனீ... சாப்பிட்டியோ ராசா... ஐயோ என்ர பிள்ளை..."

செத்தவீட்டில் பெட்டியைத் தூக்கும்போது பெற்றவள் போடுகிற குரல். தலையை ஆட்டி, துவாயைக் கடித்து, நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். அந்தச் செத்தவீட்டில் வராத அழுகை முழுக்க இங்கே இருந்திருக்கிறது, அவருக்கு ஒரு முழம் இடப்பக்கத்தில்.

எஞ்சின் அடங்கினது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பாதிச் சொல்லில் நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். கையும் களவுமாய்ப் பிடிபட்டவள் மாதிரி அவசர அவசரமாய் முகத்தைத் துடைத்தாள்.

கார் தன்பாட்டில் ஓடியது. அவ்வளவு அமைதியாய் ஓடியது.

"ஒவ்வொரு ஞாயிறுமோ?" என்று சிவரூபன் கேட்டார்.

"ஓம்."

"நான் சத்தம் உமக்குக் கரைச்சல் எண்டு நினைச்சனான்."

"வீட்டில மச்சாள் செம்போட வந்திடுவா. உங்களுக்கு முன்னாலயும் ஏலாது. நீங்கள் முகம் விறைச்சுப்போய் இருக்கிறதைக் கண்டால் எனக்குத் தொண்டைக்குள்ளயே நிண்டிடும். இதுக்குள்ளதான் ஏலுமாய் இருந்தது. பெரிசாக் கத்தினாலும் ஒருத்தருக்கும் கேட்காது." மூக்கைச் சிந்தினாள். "இவ்வளவு மாசமா அதுவும் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தனான்."

சிவரூபனின் கை போய் லீவரைப் பிடித்தது. ஐந்திலிருந்து மூன்றுக்கு இழுத்து மிதித்தார். புதுப் பெட்டியை அப்படிச் செய்யக்கூடாது, அவருக்குத் தெரியாததா? எஞ்சின் ஓலமிட்டது, கார் நடுங்கியது. அவர் அவளைப் பார்க்காமல் றோட்டைப் பார்த்துக்கொண்டு, அழு, அழு, என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

தர்சினி அவர் கையைத் தட்டினாள்.

"விடுங்கோ," என்று கத்தினாள். "இனி என்னத்துக்கு? கேட்டுட்டீங்கள்தானே!"

அவர் காலை எடுத்தார். திரும்ப ஐந்தில் போட்டார். இரண்டு மூன்று வயல் கடந்து போயிற்று. ஒரு கொக்குக் கூட்டம் எழும்பிப் போய் அங்கால் இருந்தது. அவள் துவாயை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, சாதாரணமாய், தயிர் வாங்குவமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"நீங்கள் எங்க போய் அழுறனீங்கள்?"

சிவரூபன் யோசித்தார். செத்தவீடு, கன்னியாக் கிணறு, கராஜ், காருக்குக் கீழே என்று ஒவ்வொரு இடமாய் நினைத்துப் பார்த்தார். அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் இன்னும் அழேல்லை, தர்சினி."

அவள் மடித்த துவாயை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள்.

"அப்ப ஓரமா நிப்பாட்டுங்கோ," என்றாள்.